சாய்கோடு ஈ

முஸஃபா, எம் முப்பத்தேழு. வெள்ளி இரவு.
போர்ட்டகேபினில் ஏசி இரைச்சல்,
இரண்டு டிரைவ், நான்.
ஐந்து வருடப் பாலம் ஒன்று
டி-யிலிருந்து எஃப்-க்குப் போயாக வேண்டும்
காலை ஒன்பதுக்குள்.

மவுஸால் இழுத்துப் போட்டால் பாதியில் நிற்கும்,
எது போனது எது போகவில்லை என்று சொல்லாது.
அதனால் கறுப்புத் திரை. ரோபோகாப்பி.
"பால் விட்டதா?" என்றான் கேட் காவல் ஜெயசீலன்,
பரமக்குடிக்காரன்.
இல்லை, கடுங்காப்பி.

முதலில் சாய்கோடு எல்.
ஒன்றையும் தொடாமல்
செய்யப்போவதை மட்டும் சொல்லிக் காட்டும்,
ஊருக்குப் போகும் முன்
பெட்டியோடு குளியலறைத் தராசில் ஏறி நிற்பதுபோல.

எம்ஐஆர் பக்கம் நான் போவதில்லை.
கண்ணாடி என்று பெயர்.
மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாதென்று
அங்கே ஏற்கெனவே இருந்ததை அழிக்கும்.
ருவைஸில் ரோவெனா ஒரு தடவை
இடம் வலம் மாற்றி அடித்துவிட்டாள்.
நிறைந்த டிரைவ் காலி டிரைவுக்குக் கண்ணாடியானது.
பதினோரு நிமிடம். சத்தமே இல்லை.
அடுத்த வாரம் மணிலா டிக்கெட்.

ஆர், டபிள்யூ:
பூட்டிய ஃபைலில் முட்டினால்
எத்தனை தடவை தட்ட, எவ்வளவு நேரம் நிற்க.
நாம் ஒன்றும் சொல்லாவிட்டால்
பத்து லட்சம் தடவை, தடவைக்கு முப்பது விநாடி.
கணக்குப் போட்டேன். முந்நூற்று நாற்பத்தேழு நாள்.
ஒரு லீவுக்கும் அடுத்த லீவுக்கும் நடுவே
ஒருத்தன் இங்கே நிற்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
ஆர் இரண்டு, டபிள்யூ ஐந்து.
எனக்குப் பொறுமை கிடையாது.

மீதி எஸ்ஸா, ஈ-யா.
இரண்டும் உள்ளுக்குள் இறங்கும்.
எஸ், காலியைத் தாண்டிப் போகும்.
ஈ, காலியையும் தூக்கி வரும்.

ஒத்திகைப் பட்டியலில் ஒரு வரி:
பாதுகாப்பு, சம்பவங்கள், தூண் பதினாறு.
ஃபைல் எண்ணிக்கை சைபர்.

தூண் பதினாறில், ஆகஸ்டில்,
சாரம் கட்டும் சுக்தேவ் மஹ்தோ விழுந்தான்.
படிவங்களை ஸ்கேன் செய்தது நான்.
இரண்டு சாட்சி. ஆறு படம்,
ஒன்றில் ஹெல்மெட் மட்டும்.
ஸ்கேனர் கண்ணாடியில் மணல் கிடந்து
மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு விழுந்தது.
திரும்ப எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன்.

சேதுராகவன் சாயங்காலமே போன் செய்தார்.
"கிளீனா குடுங்க, அல்போன்ஸ்.
காலி ஃபோல்டர்லாம் எதுக்கு,
கிளையண்ட் குழம்புவான்."
அப்போது நியாயமாகத்தான் பட்டது.

ஃபோல்டரின் தேதியைப் பார்த்தேன்.
உள்ளே இருந்ததை யாராவது எடுத்தால்
அது தன் நேரத்தை மாற்றி எழுதிக்கொள்ளும்.
செப்டம்பர் மூன்று. இரவு இரண்டு பதினான்கு.

நகலோடு அந்த நேரம் தானாக வராது.
கேட்டு வாங்க வேண்டும்:
சாய்கோடு டிகாப்பி, முக்காற்புள்ளி, டி.

விசா பிப்ரவரி வரை.
மூத்தவள் ப்ளஸ் டூ.
இதற்கெல்லாம் சாய்கோடு எதுவும் இல்லை,
உதவிப் பக்கத்தை
கடைசி வரி வரை படித்துப் பார்த்தேன்.

ஓரெழுத்து ஒருமொழி என்று படித்தது:
ஈ என்றால் கொடு.
பரீட்சையில் அதற்கு ஒரு மார்க்.
அடித்தேன். பின்னாலேயே டிகாப்பியையும்.
என்டரைத் தட்டிவிட்டு
கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.
ஜெயசீலன் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு முடிந்தது.
தோற்றவை சைபர்.
எஃப்-ஐத் திறந்து படிப்படியாக இறங்கினேன்.
தூண் பதினாறு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல்,
இரண்டு பதினான்கோடு.

கழற்றியபோது டிரைவ் சூடாக இருந்தது.
ஒப்படைப்புத் தாளில்
பொருள் விவரம் என்று ஒரு கட்டம்.
ஹார்ட் டிஸ்க், எண்ணிக்கை ஒன்று
என்று எழுதினேன்.